இரு தீவுகளும் பிறர் காடுகளும்

தன்னிடம் இல்லாத பொருளையே ஒரு நாடு பிறநாட்டிலிருந்து தருவிக்கின்றது என்பது பொருளியலின் பாலபாடம். கட்டட வேலைக்குரிய பைன், ஸ்புரூஸ் முதலிய மென்மரங்களைப் பிரித்தானியாவும் யப்பானும் இறக்குமதி செய்த வரலாற்றை ஒப்புநோக்குவோர்க்கு, அப்பாடம் பாதியுண்மையே என்பது புலனாகும்.

பிரித்தானியாவின் காடுகள் நெடுங்காலத்துக்கு முன்னரே அழிந்தன. பதினெட்டாம் நூற்றாண்டில் நோர்வேயும் போல்டிக் கரை நாடுகளுமே அதற்கு மென்மரம் அளித்தன. 1806இல் நெப்போலியன் விதித்த வணிகத் தடையால் அவ்வழி இடருற்றது. உடனே பிரித்தானிய அரசு ஐரோப்பிய மரத்தின்மீது கடுந்தீர்வை விதித்துக் குடியேற்ற நாட்டு மரத்துக்குச் சலுகை வழங்கியது. அற்லாந்திக் சமுத்திரத்துக்கு அப்பாலிருந்து வந்த மரம் அண்டைநாட்டு மரத்தோடு போட்டியிட முடிந்தது இத்தீர்வையினாலேயாம். கனடாவின் ஒட்டாவா ஆற்றுப் பள்ளத்தாக்கில், அல்கொன்குயின் மக்கள் உடன்படிக்கை எதனாலும் விட்டுக்கொடுக்காத நிலத்தில், பைன் மரங்கள் வெட்டுண்டு தெப்பங்களாகக் கியூபெக் துறைக்கு மிதந்து சென்றன.

பிரித்தானியத் துறைகளில் மரத்தை இறக்கிய கப்பல்கள் வெறுமையாகத் திரும்புவதை அவற்றின் உடைமையாளர் விரும்பவில்லை. மரம் வந்த இடத்தில் அயர்லாந்தின் ஏழைகள் ஏற்றப்பட்டனர். பஞ்சம் உச்சமடைந்த 1847இல் கடலிலும், கியூபெக் அருகிலுள்ள குரோஸ் தீவின் நோய்த்தடுப்பு நிலையத்திலும் அவர்கள் ஆயிரக்கணக்கில் மடிந்தனர். 1860இல் தீர்வைச் சலுகை ஒழிந்ததும், வட ஐரோப்பிய மரம் மீண்டும் முதலிடம் பெற்றது. முதல் உலகப்போரில் கப்பல் வழிகள் ஆபத்துக்குள்ளானபின், 1919இல் காடாக்க ஆணைக்குழு அமைக்கப்பட்டது. அன்று நிலப்பரப்பில் நூற்றுக்கு 5 அளவாயிருந்த காடு இன்று 13 அளவாகியுள்ளது. எனினும் மரத்தேவையில் நூற்றுக்கு 80 அளவு இன்றும் இறக்குமதியே.

யப்பானின் நிலை வேறு. அதன் நிலத்தில் மூன்றில் இரண்டு பங்கு காடு. 1955இல் தன் மரத்தேவையில் நூற்றுக்கு 90க்கு மேல் தானே நிறைவுசெய்தது. போர்க்காலத்தில் மொட்டையாக்கப்பட்ட மலைகளில் கிராமத்தார் சுகி, ஹினோக்கி மரங்களை நட்டனர். ஆயின் அவை முதிர நாற்பது, ஐம்பது ஆண்டுகள் வேண்டும். பெருகிவந்த கைத்தொழில் நகரங்களோ காத்திருக்கவில்லை. 1964 அளவில் மர இறக்குமதி முற்றாகத் தாராளமாக்கப்பட்டது. 1962 ஒக்ரோபர்ப் புயலில் அமெரிக்காவின் ஒரேகன், வாஷிங்டன் மாநிலங்களில் வீழ்ந்த மரங்கள் பெருமளவில் யப்பானுக்குச் சென்றன. 1971இன் பின் யென்னின் மதிப்பு உயர, அயல்மரம் மேலும் மலிந்தது. மலைக்கிராமத்து இளைஞர் நகரம் புகுந்தனர். நட்ட காடுகள் பராமரிப்பாரின்றி இருண்டன. 2002இல் தன்னிறைவு நூற்றுக்கு 19க்கும் கீழே வீழ்ந்தது. நட்டவை முதிர்ந்து ஒட்டுப்பலகைத் தொழிலுக்குப் பயன்பட்டபின், 2020இல் அது 40ஐக் கடந்தது.

மலிவான மரத்தால் நகரத் தொழிலாளிக்கு வீடு கிடைத்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் காடில்லாத நாடும் காடுள்ள நாடும் ஒருங்கே பிறர் காட்டை நாடின. எங்கிருந்து, எவ்வளவு என்பதைத் தீர்மானித்தவை தீர்வையும் நாணயமும் மூலதனத்தின் அவசரமுமாகும். நிலமிழந்த பழங்குடியினரும், கப்பலில் மடிந்த அயர்லாந்தினரும், நட்ட மரத்துக்கு விலைபெறாத யப்பானிய மலைவாசிகளும் வர்த்தக அட்டவணைகளில் இடம்பெறுவதில்லை. அவ்வட்டவணையை மாணவர்முன் விரிக்கும்போது, இம்மலிவை ஆக்கிய சட்டம் யாருடையது, எஞ்சிய விலையைச் செலுத்தியவர் யார் என்னும் வினாக்களையும் உடன் எழுப்புதல் வரலாற்றாசிரியரின் கடமையாகும்.