ஒரே துண்டுத் தோல்: அமெரிக்க ரிவால்வர் உறையின் வடிவமும் விலையும்

அமெரிக்க மேற்கின் ரிவால்வர் உறைகளைப் பற்றி எழுதுவோர் அழகான உறைகளைப் பற்றியே அதிகம் எழுதியிருக்கிறார்கள். கையால் செதுக்கிய பூவேலை, வெள்ளிக் குமிழ்கள், பெயர்பெற்ற சேணப் பட்டறையின் முத்திரை ஆகியவை உள்ள உறைகள்தாம் ஏலத்தில் விலைபோகின்றன, அருங்காட்சியகத்திலும் இடம்பிடிக்கின்றன. சாதாரண உறை வியர்வையிலும் மழையிலும் கிடந்து கிழிந்து குப்பைக்குப் போனது. ஆகவே எஞ்சியிருக்கும் சான்றுகளை மட்டும் பார்ப்பவருக்கு, கௌபாய்கள் அனைவரும் அலங்காரப் பிரியர்கள் என்றே தோன்றும். அவர்களுடைய மாதச் சம்பளம் முப்பது, நாற்பது டாலர். ஒரு புதிய கோல்ட் ரிவால்வரே அதில் ஏறத்தாழ பாதியை விழுங்கிவிடும். உறைக்கென்று மிஞ்சியது சில்லறைதான். அந்தச் சில்லறைக்குள் அடங்க வேண்டியிருந்ததே, இன்று ‘மரபான உறை’ என்று நாம் அறியும் வடிவத்தைத் தீர்மானித்தது என்பது இக்கட்டுரையின் வாதம்.

தொடக்ககாலப் பெரிய ரிவால்வர்கள் இடுப்புக்கு உரியவை அல்ல. சாமுவேல் கோல்ட் 1836இல் காப்புரிமை பெற்றார். 1847இல் வந்த அவருடைய ‘வாக்கர்’ ரிவால்வர் இரண்டு கிலோவுக்கு மேல் எடை கொண்டது. அதைக் குதிரைதான் சுமக்க வேண்டும். சேணத்தின் முன்முகட்டில் இருபுறமும் தொங்கும் இரட்டை உறைகள் அதற்குப் பயன்பட்டன. 1851இல் வந்த ‘நேவி’ ரிவால்வரின் எடை ஒன்றேகால் கிலோவுக்கும் குறைவு. இடைவாரில் தாங்கக்கூடிய எடை அது.

அப்போது கலிபோர்னியாவில் பொன்வேட்டை நடந்துகொண்டிருந்தது. 1849இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய ‘மெயின் அண்ட் வின்செஸ்டர்’ போன்ற சேண நிறுவனங்களுக்குப் புதிய வாடிக்கையாளர்கள் கிடைத்தார்கள். அங்கு உருவான ‘கலிபோர்னியா’ உறை, பிற்காலத்தில் சேகரிப்பாளர்கள் ‘ஸ்லிம் ஜிம்’ என்று அழைத்த உறை, துப்பாக்கியின் உடலோடு ஒட்டிய மெல்லிய வடிவம் கொண்டது. தோலை மடித்து ஒரு விளிம்பில் தைத்து, முதுகில் இடைவாருக்காகச் சிறு காது ஒன்றைத் தனியே வைத்துத் தைப்பார்கள். அந்தக் காதுதான் அதன் பலவீனம். எடை முழுவதும் அந்தத் தையலில் தொங்கும்.

இராணுவம் வேறு வழியில் போனது. உள்நாட்டுப் போர்க்கால உறைகள் கறுப்புத் தோலில், மேலே பெரிய மூடியுடன் வந்தன. வலது இடுப்பில், கைப்பிடி முன்னோக்கி இருக்கும்படி அணிந்தார்கள். போர் முடிந்ததும் எஞ்சியவை மலிவாகச் சந்தைக்கு வந்தன. 1865இல் தொழில் தொடங்கிய நியூயார்க் வணிகர் பிரான்சிஸ் பேனர்மன், இராணுவ உபரிச் சரக்கை விலைப்பட்டியல் அச்சிட்டு விற்றே பெரும் செல்வர் ஆனார். ஹட்சன் ஆற்றின் தீவொன்றில் கோட்டை மாதிரி கிடங்கு கட்டும் அளவுக்கு அந்த வியாபாரம் வளர்ந்தது. மேற்கில் பலர் இராணுவ உறையின் மூடியைக் கத்தியால் அறுத்தெறிந்துவிட்டுப் பயன்படுத்தினார்கள். மலிவான உறை தேடியவரின் முதல் தந்திரம் அதுதான். இப்படி அறுபட்ட உறைகளைச் சேகரிப்பாளர்கள் ‘சிதைந்தவை’ என்று ஒதுக்குகிறார்கள். சமூக வரலாற்றுக்கு முழு உறையை விட அவையே அதிகம் சொல்கின்றன என்பது என் கருத்து.

மடிப்பின் கணக்கு

1870களில் உலோகத் தோட்டா பரவியபோது இடைவாரின் வேலை மாறியது. தோட்டாக்களைச் செருகும் வளையங்கள் வரிசையாக ஏறியதால் வார் அகலமானது. ஸ்லிம் ஜிம்மின் சிறு காதுக்குள் அது நுழையவில்லை. இதற்குக் கிடைத்த விடைதான் ‘மெக்சிகன் லூப்’. ஒரே தோல் துண்டை வெட்டுகிறார்கள். அதன் ஒரு பாதி துப்பாக்கியை வாங்கும் பை. மறு பாதி அகன்ற பின்மடல். மடலைப் பைக்குப் பின்னால் மடித்துத் தொங்கவிட்டு, அதில் ஒன்றோ இரண்டோ கீறல் போட்டு, பையை அதன் வழியே நுழைத்துவிட்டால் வேலை முடிந்தது. மடிந்த இடமே வாருக்கான காது. தனிக் காதும் இல்லை, அதற்கான தையலும் இல்லை. பையின் ஓரத்தில் ஒரே ஒரு நீளத் தையல், அவ்வளவுதான்.

வாழையிலையை மடித்து ஈர்க்கு குத்தித் தொன்னை செய்வது போன்ற புத்தி இது. பொருளின் மடிப்பிலேயே பாதி வேலை முடிந்துவிடுகிறது. தோல் சற்றுக் கூடுதலாகச் செலவாகும். கைவேலை பெருமளவு குறையும். குத்தூசியும் மெழுகு நூலும் கத்தியும் உள்ள எந்தச் சேணக்காரரும் இதைச் செய்யலாம். டென்வரில் ஹெய்சர், செயென்னில் மீனியா, பியூப்லோவில் காலப், மைல்ஸ் சிட்டியில் ஃபர்ஸ்ட்னோ என்று கால்நடைத் தடங்களின் வழியே இருந்த பட்டறைகள் எல்லாம் இதே அமைப்பைச் செய்தன. மடலின் ஓரவளைவிலும் முத்திரை வேலையிலும் மட்டுமே அவற்றுக்குள் வேறுபாடு.

அந்தத் தோல் மரப்பட்டையில் பதனிட்டது. கிழக்கில் ஓக், ஹெம்லாக் பட்டைகள்; கலிபோர்னியாவில் டான்ஓக் பட்டை. ஒரு காலத்தில் நம்மூரில் ஆவாரம்பட்டையில் பதனிட்டதும் இதே முறைதான். பட்டைத் தோலை நனைத்துத் துப்பாக்கியின் மேல் அழுத்தி உலரவிட்டால் அந்த உருவத்திலேயே நின்றுவிடும். 1884இல் அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் காப்புரிமை பெற்ற குரோம் முறை பதனிடும் காலத்தை வெகுவாகக் குறைத்தது. ஆனால் குரோம் தோல் தொளதொளவென்று இருக்கும், உருவம் பிடிக்காது, அதில் எஞ்சும் உப்புகள் எஃகை அரிக்கவும் கூடும். மலிவான தோல் கைக்கெட்டியும் உறைக்கு உதவவில்லை. உறையின் விலையில் இன்றுவரை இறங்க மறுக்கும் பகுதி இந்தப் பட்டைத் தோல்தான்.

தையல்கூலியும் அலங்காரமும் இறங்கின. 1872இல் மாண்ட்கமரி வார்டும் 1890களில் சியர்ஸ் ரோபக்கும் சிகாகோவிலிருந்து விலைப்பட்டியல்களை அனுப்பத் தொடங்கின. 1896இல் கிராமப்புற அஞ்சல் விநியோகம் வந்தது. இயந்திரத் தையல், கைச்செதுக்கலுக்குப் பதிலாக அச்சுத்தகட்டால் அழுத்திய பூவேலை, குழல் நீளத்தை மட்டும் கேட்டு அனுப்பும் பொது அளவு ஆகியவை அஞ்சல்வழி உறையின் அடையாளங்கள். ஊர்ச் சேணக்காரர் இதோடு விலையில் போட்டியிட முடியவில்லை. பட்டறைகளும் தமக்கென்று பட்டியல் அச்சிட்டன.

திரை கற்பித்த மரபு

இருபதாம் நூற்றாண்டில் கதை திசைமாறுகிறது. 1920களில் எல் பாசோவில் எஸ். டி. மயர்ஸ், சட்டக் காவலர் டாம் த்ரீபர்சன்ஸுக்காகச் செய்த உறையில் மடலையே அகற்றிவிட்டார். விசைக்காப்பும் சுத்தியலும் வெளியே தெரியும் அந்தச் சிக்கனமான வடிவம், பிற்காலக் காவல்துறை உறைகள் பலவற்றுக்கு முன்மாதிரி ஆனது. அதே காலத்தில் பரவிய ‘பஸ்கடேரோ’ நேர்மாறானது. வாரிலிருந்தே கீழிறங்கும் அகன்ற துண்டில் துளையிட்டு உறையைத் தொடையருகே தொங்கவிடும் அமைப்பு அது. தோலும் அதிகம், வேலையும் அதிகம். ஹாலிவுட்டுக்கு அதுதான் பிடித்துப்போனது. 1870களில் நடப்பதாகச் சொல்லும் படங்களில் ஐம்பது ஆண்டு பிந்திய வாரைக் கட்டிக்கொண்டு நாயகர்கள் நடந்தார்கள். ஹாலிவுட்டுக்கு உறை செய்த ஆர்வோ ஒஜாலா இரு தோலடுக்குகளுக்கு இடையே உலோகத் தகடு வைத்து, துப்பாக்கி உறைக்குள் இருக்கும்போதே சிலிண்டர் தடையின்றிச் சுழலும்படி செய்தார். ‘கன்ஸ்மோக்’ தொடரின் தொடக்கக் காட்சியில் நாயகனை எதிர்த்து நின்று விழுபவரும் அவரே.

படச்சான்றுகளிலும் கவனம் வேண்டும். மெல்லிய இரும்புத் தகட்டில் எடுத்த அக்கால நிழற்படம் இடவலமாக மாறித் தெரியும். பில்லி த கிட் இடக்கையர் என்ற நம்பிக்கை அந்தப் பிழையிலிருந்து பிறந்தது. உறை எந்த இடுப்பில் இருந்தது என்பதைப் படத்தை அப்படியே பார்த்து முடிவுசெய்ய முடியாது.

காவல்துறைகள் 1980களிலும் அதற்குப் பின்னும் ரிவால்வரைக் கைவிட்டுத் தானியங்கிக் கைத்துப்பாக்கிக்கு மாறின. கைடெக்ஸ் போன்ற நெகிழிகள் தோலின் இடத்தைப் பிடித்தன. காவல்துறைகளின் பெருந்தொகை ஒப்பந்தம் இருந்தவரை உறைவிலையைத் தாழ்த்தி வைத்திருந்த பெரிய தயாரிப்பாளர்களுக்குத் தோல் ரிவால்வர் உறை ஓரப்பொருளாகியது. மறுபுறம், 1987இல் அமைந்த ‘சிங்கிள் ஆக்‌ஷன் ஷூட்டிங் சொசைட்டி’யின் போட்டிகள் பழைய வடிவங்களுக்குப் புதிய தேவையை உருவாக்கின. 1993இல் ரிச்சர்ட் ராட்டன்பரி வெளியிட்ட ‘பேக்கிங் அயர்ன்’ நூல் எந்த வடிவம் எக்காலத்தது என்பதை வகைப்படுத்தித் தந்தது.

இன்று குறைந்த செலவில் மரபான உறை தேடுபவர் பஸ்கடேரோவைக் கேட்டால், இரண்டு மடங்கு தோலுக்கும் திரைப்படக் கற்பனைக்கும் சேர்த்துப் பணம் கொடுக்கிறார். பூவேலையற்ற மெக்சிகன் லூப்பைக் கேட்டால் வரலாற்றுக்கும் நெருக்கம், விலையும் குறைவு. அல் ஸ்டோல்மனின் உறை செய்முறை நூலையும் மூன்று மில்லிமீட்டருக்குச் சற்று மேற்பட்ட தடிப்புள்ள பட்டைத் தோலையும் வைத்துக்கொண்டு பலர் வீட்டிலேயே செய்துகொள்கிறார்கள். இத்தாலியில் ஊபெர்ட்டி தயாரிக்கும் 1873 கோல்ட் நகல்கள் மூலத்தின் அளவுகளையே பின்பற்றுவதால், பழைய பட்டறை உறையிலிருந்து எடுத்த அட்டை மாதிரியை வைத்தே அவற்றுக்குத் தோலை வெட்டலாம்.