கணினிக்கு மாறிய மருத்துவ மேற்படிப்புத் தேர்வு

பெங்களூரில் மருத்துவ மேற்படிப்பில் சேர விரும்பியவர்கள் நெடுங்காலம் பல நுழைவுத் தேர்வுகளை எழுத வேண்டியிருந்தது. அகில இந்திய ஒதுக்கீட்டு இடங்களுக்கு எய்ம்ஸ் தேர்வு நடத்தியது. 1996இல் தொடங்கிய ராஜீவ் காந்தி சுகாதார அறிவியல் பல்கலைக்கழகம் மாநில இடங்களுக்கும், காமெட்-கே அமைப்பு தனியார் கல்லூரிகளுக்கும் தனித்தனியே தேர்வு வைத்தன. கட்டணமும் அலைச்சலும் மாணவர்களை வாட்டின.

2012 நவம்பர், டிசம்பரில் இவற்றுக்கு மாற்றாக நாடு முழுவதற்குமான பொது நுழைவுத் தேர்வான முதுநிலை நீட் தேர்வைத் தேசியத் தேர்வு வாரியம் முதன்முறையாகக் கணினி வழியே நடத்தியது. பல நாட்களில் வெவ்வேறு வினாத்தாள்கள் தரப்பட்டதால் மதிப்பெண்களைச் சமன்செய்ய நேர்ந்தது. 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் நீட்டை ரத்து செய்தது. 2016 ஏப்ரலில் அத்தீர்ப்பைத் திரும்பப் பெற்றது. பல தேர்வுகளின் சுமை அதன் பின்னரே பெரிதும் குறைந்தது.

2018இல் தேர்வு ஒரே நாளுக்குச் சுருங்கியது. 2021 முதல் வினாக்கள் 300இலிருந்து 200 ஆயின. நேரம் மூன்றரை மணி. 2024இல் வினாத்தாள் ஐந்து பகுதிகளாகி, ஒவ்வொன்றுக்கும் 42 நிமிடம் வகுக்கப்பட்டது. நேரம் முடிந்த பகுதிக்குத் திரும்ப முடியாது. அவ்வாண்டு தேர்வு இரு வேளைகளில் நடந்ததால் சமன்செய்தல் மீண்டும் சர்ச்சையானது. உச்ச நீதிமன்ற உத்தரவின்படி 2025 ஆகஸ்ட் 3இல் அனைவரும் ஒரே வேளையில், ஒரே வினாத்தாளை எழுதினர்.