சீகன்பால்கும் கந்தையாவும்: குடும்பப்பெயர்கள் கடல் கடந்த கதை

வைத்தியத் தொழிலில் இருக்கும் நாம் நாள்தோறும் ஜேர்மன் குடும்பப்பெயர்களை உச்சரிக்கிறோம். மறதிநோய் என்றால் அல்சைமர், எக்ஸ் கதிர் என்றால் ரொஞ்சன், காசநோய் என்றால் கொக். 1882 இல் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்த ரொபேர்ட் கொக்கின் குடும்பப்பெயருக்குச் 'சமையற்காரர்' என்பதே பொருள். அவருடைய முன்னோரில் எவரோ ஒருவர் அடுப்படியில் நின்றதை அந்தப் பெயர் பல நூற்றாண்டுகளாகச் சுமந்து வந்திருக்கிறது.

நூற்றாண்டு மலருக்கு எழுதும்படி கேட்டபோது, பெயர்களைப் பற்றியே எழுதலாம் என்று எண்ணினோம். உலகெங்கும் பரந்து வாழும் நம் தோழியர் பலருக்கு இன்று 'குடும்பப்பெயர்' என்பது அன்றாடப் பிரச்சினை.

ஆட்டுத்தோல் என்னும் பெயர்

ஜேர்மனியில் குடும்பப்பெயர்கள் பெரும்பாலும் 12ஆம் நூற்றாண்டுக்கும் 15ஆம் நூற்றாண்டுக்கும் இடையில் நிலைபெற்றவை. நகரங்கள் பெருத்து, ஒரே தெருவில் பல யோகான்கள் வாழத் தொடங்கியபோது அவர்களைப் பிரித்தறிய ஓர் அடையாளம் தேவைப்பட்டது. மாவரைப்பவர் மியூலர் ஆனார், கொல்லர் சிமித் ஆனார், தையற்காரர் சினைடர் ஆனார். வேறு சிலருக்கு ஊரும், உடல்தோற்றமும், தகப்பன் பெயரும் அடையாளமாயின.

இவற்றுள் தமிழர் நன்கறிந்த அரிய பெயர் ஒன்று உண்டு. அதுதான் சீகன்பால்க். ஜேர்மன் மொழியில் 'சீகே' என்றால் ஆடு. 'பால்க்' என்றால் உரித்த தோல். ஆட்டுத்தோல் என்பதே இப்பெயரின் பொருள். தோல் பதனிடுபவருக்கோ தோல் விற்பவருக்கோ அயலவர் இட்ட பட்டப்பெயராக இது தொடங்கியிருக்க வேண்டும். 'பால்க்' என்ற சொல்லைக் குழப்படிப் பிள்ளைகளைத் திட்டவும் ஜேர்மானியர் பயன்படுத்துவதுண்டு. மியூலரும் சிமித்தும் ஊருக்கு ஊர் இருக்க, சீகன்பால்க் என்ற பெயரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அந்த அரிய பெயரைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தவர் பர்த்தொலொமேயு சீகன்பால்க். சாக்சனியில் புல்ஸ்னிற்ஸ் என்னும் சிற்றூரில் 1682 இல் பிறந்தவர். டென்மார்க் அரசர் நான்காம் பிரெடரிக் அனுப்ப, தோழர் புளுட்ச்சோவுடன் 1706 யூலை 9 ஆம் நாள் தரங்கம்பாடியில் இறங்கினார். மணலில் எழுதிப் பழகும் சிறுவர்களோடு அமர்ந்து தமிழ் கற்றார். 1707 இலேயே அங்கே பெண்பிள்ளைகளுக்கும் ஒரு பாடசாலை தொடங்கப்பட்டது. 1713 இல் தமிழ் அச்செழுத்துக்கள் ஜேர்மனியிலிருந்து வந்து சேர, அடுத்த ஆண்டே புதிய ஏற்பாடு தமிழில் அச்சேறத் தொடங்கியது. 1719 இல், 36 வயதில் அவர் காலமானார். ஆட்டுத்தோல் என்னும் பெயர் தமிழர் நாவில் 'சீகன்பால்கு ஐயர்' என மரியாதைக்குரியதாக மாறிவிட்டது.

இந்தக் கதையில் நம்முடைய துறைமுகத்துக்கும் ஒரு பங்கு உண்டு. 1620 இல் ஓவே கீடே என்பவரின் தலைமையில் வந்த டேனியக் கப்பல்கள் முதலில் தேடி வந்தது இலங்கையைத்தான். கண்டி மன்னன் செனரதனுடன் பேச்சு நடத்தி, திருகோணமலையில் கோட்டை கட்டவும் முயன்றார்கள். அது கைகூடவில்லை. அதே ஆண்டில் தஞ்சை நாயக்க மன்னர் இரகுநாதரிடமிருந்து தரங்கம்பாடியைப் பெற்றுக்கொண்டார்கள். திருகோணமலையில் அவர்களுக்குக் கால் ஊன்ற முடிந்திருந்தால், சீகன்பால்க் வந்து இறங்கிய துறை நம்முடையதாகவே இருந்திருக்கலாம்.

அவருக்குப் பின் வந்தவர்களில் பப்ரிசியுஸ் 1779 இல் தமிழ் அகராதியை வெளியிட்டார். அவருடைய பெயர் கொல்லர் என்பதன் இலத்தீன் வடிவம். தஞ்சையில் வாழ்ந்த சுவார்ட்ஸ் ஐயரின் பெயருக்குக் 'கறுப்பு' என்று பொருள். காலப்போக்கில் சுவார்ட்ஸ், ரேனியஸ் என்னும் ஜேர்மன் குடும்பப்பெயர்களைத் தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் ஆண்பிள்ளைகளுக்குச் சொந்தப் பெயராகவே இட்டார்கள்.

தகப்பன் பெயர் உறைந்த கதை

குடும்பப்பெயரே இல்லாமல் வளர்ந்தவர்கள் நாம். திரியாயிலிருந்து குச்சவெளி, நிலாவெளி கடந்து பட்டினத்துக்கு வந்து படித்த நமக்குப் பாடசாலை இடாப்பில் இருந்தது ஒரு முதலெழுத்தும் ஒரு பெயரும் மட்டுமே. அந்த முதலெழுத்து அப்பாவினுடையது; கலியாணம் முடிந்தால் கணவருடையது. தலைமுறைக்குத் தலைமுறை அது மாறிக்கொண்டே இருந்தது.

இது நமக்கு மட்டும் உரிய வழக்கமன்று. ஜேர்மனியின் வடக்கில் சிலேஸ்விக் பகுதியிலும் இப்படித்தான் இருந்தது. ஹான்சின் மகன் பீற்றர் என்றால் பீற்றர் ஹான்சன். அவருடைய மகன் யென்ஸ் என்றால் யென்ஸ் பீற்றர்சன். 1771 இல் அங்கே அரச கட்டளை ஒன்று பிறந்து, இனிக் குடும்பப்பெயர் மாறக்கூடாது என்றது. கிழக்கு பிரீசியாவில் நெப்போலியனின் ஆட்சி 1811 இல் அதையே செய்தது. அன்று யாருடைய தகப்பன் பெயர் இருந்ததோ அது அப்படியே உறைந்து போயிற்று. இன்று வடஜேர்மனியில் எங்கும் காணப்படும் ஹான்சன், பீற்றர்சன் எல்லாம் அவ்வாறு உறைந்த தகப்பன் பெயர்களே.

1980களில் நம்மவருக்கு நடந்ததும் இதுதான். 1985 இல் திரியாய் எரிந்து ஊர் இடம்பெயர்ந்தது. அந்த ஆண்டுகளில் இலங்கைத் தமிழர் பலர் கிழக்கு பெர்லின் வழியாக மேற்கு ஜேர்மனிக்குள் நுழைந்தார்கள். அங்கே படிவத்தில் குடும்பப்பெயர் என்றொரு கட்டம் இருந்தது. அதில் தகப்பனின் பெயரை எழுதினார்கள். கந்தையாவின் மகனுக்குக் கந்தையா, சின்னத்தம்பியின் மகளுக்குச் சின்னத்தம்பி. ஒரே வீட்டில் கணவனுக்கு ஒரு குடும்பப்பெயர், மனைவிக்கு இன்னொன்று. பிள்ளை பிறந்ததும் பதிவாளர் எது உங்கள் பெயர் என்று கேட்டார். தெரிந்தெடுத்த ஒன்று பிள்ளைக்கும் பேரப்பிள்ளைக்கும் நிலைத்துவிட்டது.

விளைவைப் பாருங்கள். திரியாயில் வயல் செய்த ஒரு கந்தையாவின் பெயர் இன்று ஜேர்மன் ஆசுபத்திரியின் கதவில் ஒரு பெண் வைத்தியரின் குடும்பப்பெயராக இருக்கக்கூடும். ஜேர்மானியர் கணக்கில் அது ஓர் அரிய குடும்பப்பெயர். அங்கிருந்து வந்த குடும்பப்பெயர்கள் தமிழில் சொந்தப் பெயர்களாயின. இங்கிருந்து போன சொந்தப் பெயர்கள் அங்கே குடும்பப்பெயர்களாயின.

அம்மாமார் எங்கே?

மகிழ்ச்சியோடு ஒரு குறையும் சேர்ந்தே வருகிறது. மணமக்கள் உடன்படாவிட்டால் கணவனின் பெயரே குடும்பப்பெயர் என்ற விதியை 1991 இல் ஜேர்மனியின் அரசியலமைப்பு நீதிமன்றம் நீக்கியது. ஆகவே அங்குள்ள நம் மகள்மார் தங்கள் பெயரையே பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம். நல்லது. ஆனால் அப்படிக் கொடுக்கும் பெயரும் ஓர் ஆணின் பெயர்தான்: தாயின் தகப்பனுடையது. எந்தக் கட்டத்திலும் அம்மம்மாவின் பெயர் இல்லை.

திரியாய்க் குன்றில் வடமொழியில், பல்லவ கிரந்தத்தை ஒத்த எழுத்தில் ஒரு கல்வெட்டு உண்டு. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்டது. திரபுசக, வல்லிகக என்னும் வணிகரின் பெயரை அது இன்றும் சொல்கிறது. கல்லில் வெட்டியதால் அந்தப் பெயர்கள் நிலைத்தன. நம் அம்மம்மாமார் கல்லிலும் இல்லை, கடவுச்சீட்டிலும் இல்லை. இடப்பெயர்வில் பிறப்புப் பத்திரங்களும் படங்களும் தொலைந்த வீடுகளில், அவர்களின் பெயர் இருப்பது சிலரின் ஞாபகத்தில் மட்டுமே. மறதிநோய்ப் பகுதியில் நிற்கும்போது அந்த ஞாபகம் எவ்வளவு விரைவில் போய்விடும் என்பதை நாம் அறிவோம். அண்மைய நிகழ்வுகள் முதலில் மறையும்; பிள்ளைப்பருவத்துப் பெயர்கள் கடைசிவரை தங்கும்; பின் அவையும் போய்விடும்.

ஆகவே பழைய மாணவியரிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் அம்மா, அம்மம்மா, அப்பம்மா, அவர்களைப் பெற்றவர்கள், அவர்களின் ஊர், வளவு, குறிச்சி எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். மூத்தவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். பெயரின் பொருளையும், அதை வைத்த காரணத்தையும் சேர்த்து எழுதுங்கள். ஒரு பிரதியைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். மறு பிரதியைப் பழைய மாணவிகள் சங்கத்துக்கு அனுப்புங்கள். நம் பாடசாலையின் சேர்வு இடாப்போடு அவற்றையும் சேர்த்துப் பேணலாம்.

மியூனிக்கிலோ ரொறன்ரோவிலோ ஒரு பேத்தி, "என் குடும்பப்பெயருக்கு என்ன அர்த்தம்?" என்று ஒருநாள் கேட்பாள். கந்தையா யார் என்று சொல்லும்போது, அவருக்குச் சோறு கட்டிக் கொடுத்து வயலுக்கு அனுப்பியவரின் பெயரையும் சொல்லக்கூடியவர்களாக நாம் இருக்க வேண்டும்.