மொட்டை மாடிக்கு ஒரு டெலஸ்கோப்: வாங்கும் முன் கொஞ்சம் வரலாறு

சென்ற பொதுக்குழுவில், பிள்ளைகளுக்காக அசோசியேஷன் செலவில் ஒரு டெலஸ்கோப் வாங்கலாம் என்று பேச்சு வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். எல்லோருக்கும் சம்மதம்தான். எதை வாங்குவது என்பதில்தான் பேச்சு நின்றது. ‘எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும்?’ என்பதே பலருடைய கேள்வி.

அதே கேள்வியைக் கேட்டு நான் வாங்கிய ஒன்று எங்கள் வீட்டுப் பரணில் கிடக்கிறது. மகளின் பத்தாவது பிறந்தநாளுக்கு வாங்கியது. பெட்டியில் ‘675 மடங்கு’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. மாடியில் வைத்துப் பார்த்தால் நிலா ஒரு வெள்ளைக் கலங்கலாகத் தெரிந்தது. கை பட்டால் ஸ்டாண்ட் ஆடியது, ஆடி நிற்பதற்குள் நிலா நகர்ந்துவிட்டது. மூன்று இரவு முயன்றோம். அதன்பின் அவள் வானத்தைப் பற்றிக் கேட்பதையே விட்டுவிட்டாள். பணம் போனதைவிட அதுதான் எனக்கு வருத்தம். நம் பிள்ளைகளுக்கு அது நடக்கக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

இந்த விஷயத்தில் நம் நாட்டின் வரலாறே நமக்கு நல்ல வழிகாட்டி. இந்தியாவின் முதல் நவீன வானாய்வகம் ஒரு வீட்டில்தான் தொடங்கியது. கிழக்கிந்தியக் கம்பெனியில் வேலை பார்த்த வில்லியம் பெட்ரி என்பவர் 1786-இல் சென்னை எழும்பூரில், சொந்த ஆர்வத்தில், சொந்தச் செலவில் அதை அமைத்தார். அவரிடம் இருந்தவை 3 அங்குல டெலஸ்கோப்புகள் இரண்டு, நல்ல கடிகாரங்கள், நட்சத்திரம் உச்சியைக் கடக்கும் நேரத்தைக் குறிக்கும் கருவி ஒன்று. 3 அங்குலம் என்றால் சுமார் 75 மில்லிமீட்டர். இன்றும் புதிதாகத் தொடங்குகிறவர்கள் வாங்கும் அளவு அதுதான்!

பின்னர் கம்பெனி அதை ஏற்றுக்கொண்டு, 1792-இல் நுங்கம்பாக்கத்தில் கட்டடம் கட்டியது. கருவியைத் தாங்க அங்கே நிறுத்திய கருங்கல் தூணில் தமிழிலும் கல்வெட்டு உண்டு. வானிலை மைய வளாகத்தில் அந்தத் தூண் இன்றும் இருக்கிறது. டெலஸ்கோப்பைவிடத் தாங்கும் தூணுக்கு அன்று அவ்வளவு அக்கறை எடுத்தார்கள் என்பதைக் கவனியுங்கள். இந்திய நேரம் என்று ஒன்று 1906-இல் வரும்வரை, ரயில்கள் ஓடியது அந்த வானாய்வகம் நட்சத்திரங்களைப் பார்த்துக் கணித்த ‘சென்னை நேர’த்தில்தான்.

அங்கே வேலை பார்த்தவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. 1867-இல் ‘ஆர் ரெட்டிகுலி’ என்ற நட்சத்திரம் ஒளி கூடிக் குறைவதை அவர் கண்டுபிடித்தார். தென்வானில் தாழ்வாக, அடிவானத்தை ஒட்டி வரும் நட்சத்திரம் அது. ஐரோப்பாவில் இருப்பவர்களுக்குக் கண்ணிலேயே படாது. தென்னிந்தியாவில் இருப்பது வானம் பார்ப்பவருக்கு ஒரு கொடுப்பினை என்பதற்கு இது நல்ல சாட்சி. 1871 டிசம்பர் 12 முழுச் சூரிய கிரகணத்தைப் பார்க்க, வானாய்வகத் தலைவர் போக்சனும் அவரும் முகாமிட்ட இடம் எது தெரியுமா? நாம் கோவைக்குப் போகும்போது தாண்டிச் செல்கிறோமே, அந்த அவிநாசி!

1874-இல் வெள்ளிக் கோள் சூரியனைக் கடந்தபோது, சாதாரண மக்களுக்குப் புரியும்படி ஆங்கிலத்திலும் இந்திய மொழிகள் சிலவற்றிலும் ரகுநாதாச்சாரி சிறு நூல் வெளியிட்டார். வானத்தைப் பார்த்துச் சரிபார்த்த கணக்கில் பஞ்சாங்கம் இருக்க வேண்டும் என்று திருக்கணித முறையை முன்னெடுத்தவரும் அவரே. உங்கள் வீட்டுக் காலண்டரில் ‘திருக்கணிதம்’ என்று பார்த்தால் அவரை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள்.

நமக்கு இன்னும் பக்கத்தில் இருப்பது காவலூர். சேலத்திலிருந்து சென்னைக்கு ரயிலில் போகும்போது வரும் திருப்பத்தூருக்கு அருகே, ஜவ்வாது மலையில் இருக்கிறது. நகர வெளிச்சம் இல்லாத, தென்வானமும் நன்றாகத் தெரியும் இடம் என்று விஞ்ஞானி வைணு பாப்பு அதைத் தேர்ந்தெடுத்தார். 1960-களின் கடைசியில் அங்கே முதலில் வேலை தொடங்கியது 38 செ.மீ. டெலஸ்கோப் ஒன்றுதான். அதுவும் கொடைக்கானல் வானாய்வகத்தில் நம்மவர்கள் செய்தது. 1972-இல் 102 செ.மீ. டெலஸ்கோப் வந்தது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் கோளுக்கு வளையங்கள் இருப்பது உலகுக்குத் தெரியவந்தபோது, அதன் அடையாளங்களைப் பதிவு செய்த இடங்களில் காவலூரும் ஒன்று. 2.34 மீட்டர் பெரிய டெலஸ்கோப் 1986-இல்தான் வந்தது. அதன் பிறகும் 45 செ.மீ. கருவி ஒன்றைக்கொண்டு 1988-இல் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார்கள். அதற்கு வைத்த பெயர் ராமானுஜன். நம் பக்கத்து ஈரோட்டில் பிறந்த அதே கணித மேதைதான்.

இத்தனையிலும் நமக்குப் பாடம் ஒன்றே. சிறியதில் தொடங்கினார்கள், உறுதியாக நிறுத்தினார்கள், இருட்டான இடம் தேடினார்கள், பார்த்ததைத் தேதியோடு எழுதி வைத்தார்கள். இனி நம் மாடிக்கு வருவோம்.

முதலில் வெறும் கண். ஜனவரி முதல் மார்ச் வரை நம் ஊரில் வானம் பெரும்பாலும் தெளிவாக இருக்கும். கார்த்திகைக் கூட்டம், திருவாதிரை, தெற்கே அகத்திய நட்சத்திரம் மூன்றையும் பிள்ளைகள் தாங்களாகவே அடையாளம் காட்டட்டும். அது வராமல் டெலஸ்கோப்பை எங்கே திருப்புவது?

அடுத்து பைனாகுலர். ‘10×50’ என்று கேட்டு வாங்குங்கள். 10 என்பது மடங்கு, 50 என்பது முன்கண்ணாடியின் விட்டம் மில்லிமீட்டரில். இருட்டில் அந்த இரண்டாவது எண்தான் முக்கியம், அதிக வெளிச்சத்தை உள்ளே வாங்குவது அது. நிலாவின் பள்ளங்கள் தெரியும். கையை மாடிச் சுவரில் ஊன்றிக்கொண்டு பார்த்தால் வியாழனின் நான்கு துணைக்கோள்களும் புள்ளிகளாகத் தெரியும். 20, 30 மடங்கு பைனாகுலரைக் கையில் பிடித்துப் பார்க்க முடியாது, எல்லாம் ஆடும்.

பிறகுதான் டெலஸ்கோப். விட்டம் எத்தனை மில்லிமீட்டரோ, அதன் இரண்டு மடங்குதான் அது உருப்படியாகக் காட்டும் அதிகபட்ச மடங்கு. 70 மி.மீ. கருவிக்கு 140. அதற்கு மேல் பெட்டியில் என்ன போட்டிருந்தாலும் கலங்கல்தான். குவியத் தூரத்தை ஐபீஸ் எண்ணால் வகுத்தால் மடங்கு கிடைக்கும். 700 மி.மீ. குழாயில் 25 மி.மீ. ஐபீஸ் போட்டால் 28 மடங்கு. சனியின் வளையத்தை அடையாளம் காண அதுவே போதும். பொது உபயோகத்துக்கு என்றால் 6 அங்குல டாப்சோனியன் நல்லது. முக்காலி இல்லாமல் தரையிலேயே பெட்டி போல உட்காரும், பத்துப் பிள்ளைகள் தொட்டாலும் ஆடாது.

ஒரு எச்சரிக்கை. பைனாகுலரிலோ டெலஸ்கோப்பிலோ சூரியனைப் பார்க்கவே கூடாது. முன்பக்கத்தில் அதற்கென்று உள்ள சோலார் ஃபில்டர் இல்லாவிட்டால் ஒரு நொடியில் பார்வை போகும். 2019 டிசம்பர் 26 கிரகணம் ஈரோட்டிலும் கரூரிலும் வளையமாகத் தெரிந்தது, சேலத்தில் பிறையாகத்தான் தெரிந்தது. 2031 மே 21 அன்று அடுத்த வளையம் மதுரைப் பக்கம் வருகிறது. இன்று நான்காவது படிக்கும் பிள்ளைகள் அதற்குள் இதில் தேறிவிடலாம்.

ஆகவே என் யோசனை இது. இப்போதைக்கு 10×50 பைனாகுலர் இரண்டும் ஒரு நோட்டுப் புத்தகமும் போதும். மாதம் ஒரு சனிக்கிழமை, இரவு 7 முதல் 9 வரை மாடிக் கதவைத் திறந்து வைத்து, தண்ணீர்த் தொட்டி மேலுள்ள ஃபோகஸ் லைட்டை மட்டும் அணைப்போம். படிக்கட்டு விளக்கு எரியட்டும், பெரியவர்கள் இருவர் உடன் இருப்போம். ஆறு மாதம் கழித்தும் பிள்ளைகள் வந்துகொண்டிருந்தால் டாப்சோனியனுக்குப் பணம் ஒதுக்கலாம். வராவிட்டால் நம் பணம் மிச்சம்.

பரணில் கிடந்ததைப் போன வாரம் நானும் இறக்கினேன். பெரிய மடங்கு ஐபீஸை எடுத்து வைத்துவிட்டு, 25-ஐப் போட்டு, ஸ்டாண்டின் நடுவில் ஒரு செங்கல்லைக் கட்டித் தொங்கவிட்டேன். நிலா ஆடாமல் நின்றது. கல்லூரி லீவில் வந்திருந்த மகளைக் கூப்பிட்டேன். அவள் பார்த்துவிட்டு, ‘அப்பவே இப்படிப் பண்ணியிருக்கலாமேப்பா’ என்றாள்.