ஆலாத்தி ஏந்தும் கைகள்

கோயிலில் தீபங் காட்டும் கை அந்தணர் கையே என எண்ணிப் பழகிவிட்டோம். மட்டக்களப்பு வாவியின் தென்கோடியிலே, படுவான்கரையில் உள்ள மண்டூர் முருகன் கோயிலில் நாம் காண்பது வேறு. சின்னக் கதிர்காமம் எனப்பெறும் அங்கே, துணியால் வாய்கட்டிய கப்புகனார் திரைக்குப் பின்னே பூசை செய்வார். ஆவணித் திருவிழாவில் பெண்கள் ஆலாத்தி விளக்கேந்துவர். கதிர்காமத்திலும் இவ்வழக்கு உண்டு. ‘ஆலத்தி’ என்னும் சொல் சிங்களத்திலும் வழங்குகின்றது. ஆறுமுக நாவலர் (1822–1879) யாழ்ப்பாணத்தில் வலியுறுத்திய ஆகம நெறி பின்னர்க் கிழக்கிலும் பரவிற்று. அந்நெறியில் மூலவருக்குத் தீபங் காட்டப் பெண்ணுக்கு இடமில்லை. அதற்காக மண்டூரைச் சமத்துவக் கோயில் எனப் போற்றிவிடவும் இயலாது. மட்டக்களப்பில் கோயிலுரிமை தாய்வழிக் குடிகளுக்கே பங்கிடப்பட்டது. தாழ்த்தப்பட்டோர் பங்கிற்கு வந்தவை பறையடித்தலும் சீலை வெளுத்தலுமே.