ஹேண்டில் பார் உயர்ந்த கதை

காலை எட்டு மணிக்குச் சற்று முன்னர் பல்லடம் சாலையிலோ அவிநாசி சாலையிலோ திருப்பூரை நோக்கி வரும் வண்டிகளைச் சிறிது நேரம் கவனித்துப் பாருங்கள். பழைய கறுப்பு சைக்கிளில் வரும் பெரியவர் நாற்காலியில் அமர்ந்தவர்போல் நிமிர்ந்து வருகிறார். கியர் சைக்கிளில் வரும் இளைஞரோ தரையில் விழுந்த காசைத் தேடுபவர்போல் குனிந்து வருகிறார். மோட்டார் சைக்கிளில் வரும் மற்றொருவர், ஹேண்டில் பாருக்கு அடியில் இரண்டு அலுமினியத் துண்டுகளைப் பொருத்தி அதைச் சிறிது உயர்த்தியிருக்கிறார். அத்துண்டுகளைக் கடைக்காரர்கள் ‘ரைசர்’ என்கின்றனர்.

ஹேண்டிலின் உயரத்தை யார் முடிவு செய்தார்கள்? தயாரிப்பாளர் வைத்த உயரத்தை நாம் ஏன் மாற்ற வேண்டியிருக்கிறது? இவ்வினாக்களுக்கு விடை காண இருநூறு ஆண்டுகள் பின்னோக்கிச் செல்ல வேண்டும். அதற்கு முன் சிறிது இயற்பியலைப் பார்த்துவிடுவோம்.

சைக்கிளில் அமர்ந்தவரின் எடையை இருக்கை, பெடல், ஹேண்டில் ஆகிய மூன்றும் பகிர்ந்து தாங்குகின்றன. இடுப்புக்கு மேற்பட்ட உடல் நம் மொத்த எடையில் பாதிக்கு மேல் ஆகும். முதுகு முன்புறம் சாயும்போது இவ்வெடை இடுப்பைச் சுற்றி ஒரு திருப்புத்திறனை உண்டாக்குகிறது. செங்குத்திலிருந்து முதுகு சாய்ந்துள்ள கோணத்தின் சைன் மதிப்புக்கு அது நேர்விகிதத்தில் அமையும். 20 பாகை சாய்வுக்குச் சைன் 0.34, 50 பாகைக்கு 0.77. அதாவது நிமிர்ந்து செல்பவரைவிடக் குனிந்து செல்பவருக்கு இரண்டேகால் மடங்கு சுமை. இதை முதுகுத் தசைகள் ஒரு பங்கும் உள்ளங்கைகள் ஒரு பங்கும் ஏற்கின்றன.

உள்ளங்கையில் சுண்டுவிரல் பக்கமாக அல்நார் என்னும் நரம்பு செல்கிறது. ஹேண்டில் அதை நெடுநேரம் அழுத்தினால் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகும். இது புதிய நோயன்று. டெஸ்டோ என்ற பிரெஞ்சு மருத்துவர் 1896-லேயே சைக்கிள் ஓட்டுபவர்களிடம் இதைக் கண்டு எழுதினார்.

இனி வரலாற்றுக்கு வருவோம். 1817-இல் ஜெர்மனியின் மான்ஹைம் நகரில் கார்ல் டிரைஸ் இரு சக்கர ஓட்ட வண்டி ஒன்றை ஓட்டிக் காட்டினார். அதற்குப் பெடல் கிடையாது. காலால் தரையை உந்தித்தான் செல்ல வேண்டும். ஆனால் ஓட்டுபவரின் முன்கைகள் சாய்ந்துகொள்வதற்கென மெத்தை வைத்த பலகை ஒன்று அதில் இருந்தது. கையின் சுமையைப் பற்றி முதல் வண்டிக்காரருக்கே கவலை இருந்திருக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

1870-களில் வந்த பெருஞ்சக்கர சைக்கிளில் ஓட்டுபவர் முன்சக்கரத்தின் உச்சியில் அமர்ந்தார். ஹேண்டில் அவர் மடிக்கு அருகில் இருந்தது. சக்கரத்தில் ஒரு கல் தட்டினால் ஆள் தலைகுப்புற விழுவார்; அப்போது கால்கள் ஹேண்டிலுக்கு அடியில் மாட்டிக்கொள்ளும். ஆகவே இறக்கத்தில் செல்லும்போது சிலர் கால்களை ஹேண்டிலுக்கு மேலே தூக்கி வைத்துக்கொண்டனர். விழுந்தாலும் காலூன்றி விழலாம் என்பது கணக்கு!

1885-இல் இங்கிலாந்தில் ஜான் கெம்ப் ஸ்டார்லி உருவாக்கிய ‘ரோவர்’ இந்த அபாயத்தை நீக்கியது. ஏறத்தாழ ஒரே அளவுள்ள இரு சக்கரங்கள், பின்சக்கரத்தைச் சங்கிலியால் இழுக்கும் பெடல், நடுவில் தாழ்ந்த இருக்கை என இன்றைய சைக்கிளின் அமைப்பு அதில் வந்துவிட்டது. ஓட்டுபவர் இருக்கை வேறு, முன்சக்கரம் வேறு என்றானபின் ஹேண்டிலை உயர்த்தவும் தாழ்த்தவும் வழி பிறந்தது. உடனே சண்டையும் பிறந்தது. 1890-களில் இளைஞர்கள் ஹேண்டிலைத் தாழ்த்தி, முதுகை வளைத்து, தெருக்களில் பறந்தனர். அவர்களுக்குக் கூன் விழுந்துவிடும் என்று மருத்துவர்களும் பத்திரிகைகளும் எச்சரித்தன. நிமிர்ந்து அமர்வதே நாகரிகம் என்று கருதியவர்களுக்காக உயரமான ஹேண்டிலுடன் ‘ரோட்ஸ்டர்’ வகை வளர்ந்தது.

நம் நாட்டுக்கு வந்து நிலைத்தது இந்த ரோட்ஸ்டரே. சென்னைக்கு அருகே அம்பத்தூரில் 1949-இல் தொடங்கப்பெற்ற டி.ஐ. சைக்கிள்ஸ் தொழிற்சாலையின் ஹெர்குலிஸ் வண்டிகளும், வடக்கே லூதியானாவிலிருந்து வந்த ஹீரோ வண்டிகளும் இவ்வகையைச் சேர்ந்தவையே. திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளுக்குச் சுற்றுக் கிராமத்துத் தொழிலாளர் இவற்றில்தான் வந்தனர். ஓவர்லாக் மெஷினில் ஒன்றரை ஷிப்ட் கழுத்தை வளைத்துத் தைத்தவர் வீட்டுக்குப் போகும்போதாவது நிமிர்ந்து போகட்டுமே! இந்த வண்டியைப் பழைய மாடல் என்று இளைஞர்கள் கேலி செய்வது எனக்கு உடன்பாடில்லை. அது ஏன் என்று ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன்.

குனிவதால் கிடைக்கும் இலாபம் காற்றுத் தடை குறைவதே. நிமிர்ந்தவர் காற்றுக்குக் காட்டும் பயனுறு பரப்பை 0.6 சதுர மீட்டர் என்றும், குனிந்தவருடையதை 0.4 என்றும் கொள்வோம். காற்றின் அடர்த்தி கன மீட்டருக்கு 1.15 கிலோகிராம். காற்று அசையாத நாளில், மணிக்கு 12 கிலோமீட்டர் வேகத்தில் காற்றைப் பிளக்க நிமிர்ந்தவருக்கு ஏறத்தாழ 13 வாட் தேவை, குனிந்தவருக்கு 8.5 வாட். மிச்சம் வெறும் 4 வாட்தான். இதற்காக முதுகை அடகு வைக்க வேண்டியதில்லை. வேகம் மும்மடங்காகி 36 கிலோமீட்டர் ஆனால் தேவையான திறன் இருபத்தேழு மடங்காகும். நிமிர்ந்தவருக்கு 345 வாட், குனிந்தவருக்கு 230 வாட். சாதாரண மனிதர் மணிக்கணக்கில் தரக்கூடியது 75 வாட் அளவே என்பதால் இந்த வேகம் பந்தய வீரர்களுக்கு உரியது. அவர்களுக்குக் குனிவது கட்டாயம்.

ஒரு விலக்கும் உண்டு. ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியே காற்று நம் பகுதியில் எப்படி வீசும் என்பதை நீங்கள் அறிவீர்கள். மணிக்கு 24 கிலோமீட்டர் எதிர்க்காற்றில், சோமனூர்ப் பக்கம் மேற்கே 12 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவருக்கு, நிமிர்ந்திருந்தால் 115 வாட் தேவைப்படும். குனிந்தால் 77 வாட் போதும். அதனால்தான் ரோட்ஸ்டரில் செல்லும் பெரியவரும் ஆடிக்காற்றில் முழங்கையை மடக்கித் தலையைத் தாழ்த்திக்கொள்கிறார். அவர் இந்தச் சமன்பாட்டைப் படித்ததில்லை.

குனிவதன் பயன் இவ்வளவு பெரியது என்பதாலேயே பந்தயச் சங்கங்கள் அமரும் முறைக்கே சட்டம் இயற்றின. 1933-இல் பிரான்சிஸ் ஃபோர் என்ற பிரெஞ்சு வீரர், படுத்தவாறு ஓட்டும் சைக்கிளில் ஒரு மணி நேரத்தில் 45 கிலோமீட்டரைக் கடந்து, 1914 முதல் நிலைத்திருந்த சாதனையை முறியடித்தார். மறு ஆண்டே அவ்வகை வண்டி விலக்கப்பட்டது. 1993-இல் ஸ்காட்லாந்தின் கிரேம் ஓப்ரீ கைகளை மார்புக்கு அடியில் மடித்துக்கொண்டு 51.596 கிலோமீட்டர் ஓட்டினார். அந்த முறைக்கும் அடுத்த ஆண்டு தடை வந்தது.

சரி, ஹேண்டிலை உயர்த்துவது எப்படி? பழைய சைக்கிளில் ஹேண்டிலின் தண்டு, போர்க்குக் குழாயின் உள்ளே இறங்கியிருக்கும். தண்டின் அடியில் ஒரு கூம்பு; அதை மேலிருந்து நீண்ட போல்ட் ஒன்று இழுத்துப் பிடிக்கும். போல்ட்டை இறுக்கினால் கூம்பு மேலேறித் தண்டின் அடிப்பகுதியை விரித்துக் குழாயோடு கவ்வச் செய்யும். போல்ட்டைச் சில சுற்றுகள் தளர்த்தி, அதன் தலைமேல் மரக்கட்டை வைத்து ஒரு தட்டுத் தட்டினால் கூம்பு விடுபடும். பிறகு வேண்டிய உயரத்துக்குத் தண்டை இழுத்து இறுக்கலாம். செலவு எதுவுமில்லை.

ஆயினும் இரண்டு செய்திகளை நினைவில் வையுங்கள். கம்பி பிரேக் உள்ள வண்டியில் பிரேக் கம்பி மேல்நோக்கி இழுபடும்போதுதான் கட்டைகள் ரிம்மைக் கவ்வுகின்றன. ஹேண்டிலை மட்டும் உயர்த்தினால் கம்பியும் கூடவே உயர்ந்து சக்கரம் பிடித்துக்கொள்ளும். கம்பியின் இணைப்பையும் தளர்த்திச் சரிசெய்ய வேண்டும். அடுத்து, தண்டின் மேல் ஒரு வரம்புக் கோடு வெட்டப்பட்டிருந்தால் அது குழாய்க்கு வெளியே தெரியக் கூடாது. போர்க்குக் குழாயின் மேற்பகுதி மரை வெட்டப்பட்டதால் மெலிந்திருக்கும். கூம்பு அந்த மரைப் பகுதிக்குள் வந்து விரிந்தால் குழாய் வெடிக்கும். ஹேண்டில் கையோடு வந்துவிடும்.

1990-களின் தொடக்கத்தில் மரையில்லாத புதிய போர்க்கு அமைப்பு வந்தது. இதில் ஹேண்டில் தண்டு குழாயின் வெளிப்புறத்தைப் பற்றிக்கொள்கிறது. எடை குறைவு, பெரிய ஸ்பானர்கள் வேண்டாம். ஆனால் குழாயைத் தொழிற்சாலையிலேயே அளவாக அறுத்துவிடுவதால் பின்னர் ஹேண்டிலை விருப்பம்போல் உயர்த்த இயலாது. இக்குறையை நிரப்பவே சைக்கிளுக்கான ரைசர்கள் கடைக்கு வந்தன. தாத்தாவின் வண்டியில் விலையின்றிக் கிடைத்த வசதியைப் பேரன் காசு கொடுத்து வாங்குகிறான்.

எஞ்சின் வண்டிகளில் கதை சற்றே வேறுபடுகிறது. 1980-இல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வந்தபின், துணிக் கட்டுகள் சைக்கிள் காரியரிலிருந்து மொபெட்டுக்கு மாறின. உயர்ந்த ஹேண்டில் அதற்குப் பொருத்தமே. எனினும் ஹேண்டிலை உயர்த்த உயர்த்த ஓட்டுபவரின் ஈர்ப்பு மையம் பின்னுக்கு நகர்கிறது. பின்னால் 40 கிலோ கட்டும் இருந்தால் முன்சக்கரத்தின் மேல் உள்ள எடை குறைந்து, மேட்டில் ஏறும்போது வண்டி சொன்னபடி திரும்பாது. பாரம் ஏற்றுபவர்கள் ரைசர் பொருத்துமுன் இதை யோசிக்க வேண்டும்.

ஒரே எஞ்சின், ஒரே சட்டம், இருவேறு ஹேண்டில் என்பதற்குச் சென்னையின் ராயல் என்ஃபீல்டு நிறுவனம் 2018-இல் வெளியிட்ட இரு வண்டிகள் நல்ல எடுத்துக்காட்டு. இன்டர்செப்டர் 650-இல் ஹேண்டில் உயர்ந்தும் அகன்றும் இருக்கிறது, கான்டினென்டல் ஜி.டி. 650-இல் தாழ்ந்திருக்கிறது. இரண்டாவதில் கை வலிக்கும் என்பவரும் வலிக்காது என்பவரும் உண்மையே பேசுகின்றனர். மணிக்கு 100 கிலோமீட்டரில் வண்டியையும் ஆளையும் எதிர்க்கும் காற்று விசை ஏறத்தாழ 27 கிலோ எடைக்குச் சமம். அதில் ஒரு பங்கு மார்பைத் தாங்கிக் கைகளின் சுமையைக் குறைக்கிறது. நொய்யல் பாலத்து நெரிசலில் 25 கிலோமீட்டரில் ஊர்ந்தால் அவ்விசை 2 கிலோவுக்கும் குறைவு. மார்பைத் தாங்கக் காற்று இல்லை. மணிக்கட்டுதான் தாங்க வேண்டும். நெடுஞ்சாலைக்கு அமைத்த வண்டியை ஊருக்குள் ஓட்டுபவர் இரண்டு மூன்று சென்டிமீட்டர் ரைசர் போட்டுக்கொள்வதில் நியாயம் இருக்கிறது.

ஹேண்டில் உயரும்போது கேபிள்களும் பிரேக் குழாயும் நீண்டுகொள்வதில்லை. ஆக்சிலேட்டர் கேபிள் இழுபட்டு நின்றால், திருப்பத்தில் கையை முறுக்காமலே எஞ்சின் சீறும். எனவே கடையைவிட்டுப் புறப்படுமுன் வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, கியர் விழாத நிலையில் எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, ஹேண்டிலை இடக்கோடி முதல் வலக்கோடி வரை திருப்பிப் பாருங்கள். எஞ்சினின் ஒலி சிறிது மாறினாலும் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.