கற்பூரவல்லி வாசனை உண்மையிலேயே கிருமியைக் கொல்லுமா? இலைக்கும் எண்ணெய் பாட்டிலுக்கும் என்ன வித்தியாசம்?

வீட்டில் யாருக்காவது சளி, இருமல்னு சொன்னாலே, மொட்டை மாடித் தொட்டியில் இருக்கும் கற்பூரவல்லி இலையைக் கிள்ளிக்கொண்டு வருவது நம்ம ஊர் வழக்கம். இப்போது இலைக்குப் பதிலாக 'எசென்ஷியல் ஆயில்' என்ற பெயரில் சின்னச் சின்ன பாட்டில்கள் ஆன்லைனில் விற்கின்றன. சிலர் அதை 'இயற்கை ஆன்டிபயாடிக்' என்றே சொல்கிறார்கள். இலையில் இருப்பதுதானே எண்ணெயிலும் இருக்கு, அப்புறம் என்ன பயம்? பயப்பட வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. அதற்கு முன், அந்த வாசனைக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம்.

ஓமமும் ஓமவல்லியும்

கற்பூரவல்லிக்கு ஓமவல்லி என்றும் பெயர். உண்மையில் இந்த இரண்டாவது பெயர்தான் பொருத்தம். ஏனென்றால் அந்த இலையின் வாசனைக்கு முக்கியக் காரணம் கற்பூரம் இல்லை. ஓமத்தில் இருக்கும் அதே பொருள்தான். இத்தனைக்கும் ஓமம், கொத்தமல்லி - சீரகம் குடும்பத்தைச் சேர்ந்த செடி. கற்பூரவல்லியோ துளசி - புதினா குடும்பம். இரண்டுக்கும் நெருங்கிய சொந்தம் கிடையாது. மூக்கை வைத்தே இந்த ஒற்றுமையைக் கண்டுபிடித்துப் பெயர் வைத்தவர்களைப் பாராட்டத்தான் வேண்டும்.

அந்தப் பொருளின் பெயர் தைமால். அதன் கூடவே கார்வக்ரால் என்று இன்னொன்று வரும். இரண்டிலுமே 10 கார்பன், 14 ஹைட்ரஜன், 1 ஆக்சிஜன் அணுக்கள். ஹைட்ராக்சில் என்ற சிறு பகுதி ஒட்டியிருக்கும் இடம் மட்டும்தான் வேறு. பீட்சாவோடு தரும் ஓரிகானோ பாக்கெட்டைப் பிரித்ததும் 'இது ஓம வாசனையாச்சே' என்று தோன்றியிருக்கிறதா? அதுவும் பெரும்பாலும் கார்வக்ரால் வேலைதான்.

ஒரே கற்பூரவல்லி என்றாலும் ஒரு ஊர்ச் செடியில் தைமால் அதிகமாக இருக்கும், இன்னொரு ஊர்ச் செடியில் கார்வக்ரால் அதிகமாக இருக்கும். மண், வெயில், பறிக்கும் பருவம் எல்லாமே இதை மாற்றும். கிராம்பு எண்ணெயில் யூஜெனால், எலுமிச்சைப் புல் எண்ணெயில் சிட்ரால், நீலகிரித் தைலத்தில் சினியோல் என ஒவ்வொன்றுக்கும் ஒரு முக்கியப் பொருள் உண்டு.

கிருமியை எப்படிக் கொல்கிறது?

பாக்டீரியாவைச் சுற்றி கொழுப்பால் ஆன மெல்லிய சவ்வு இருக்கும். தைமாலும் கார்வக்ராலும் எண்ணெய்த் தன்மை உள்ளவை என்பதால் அந்தச் சவ்வுக்குள் நுழைந்து அதை இளக்கிவிடும். உள்ளே இருக்கும் பொட்டாசியம் போன்றவை வெளியே கசியும், கிருமிக்குச் சக்தி தயாரிக்க முடியாமல் போகும். கிட்டத்தட்ட ஓட்டை விழுந்த டயர் கதைதான். எல்லாக் கிருமியும் இதற்கு மசியாது. வெளியே இன்னொரு சவ்வும் வைத்திருக்கும் சூடோமோனாஸ் போன்றவை நன்றாகவே தாக்குப்பிடிக்கும். இந்த விஷயத்தில் நீலகிரித் தைலத்தின் சினியோல், தைமாலைவிடப் பலவீனமானது.

அப்போ கிருமியைக் கொல்வது உண்மைதான். லிஸ்டரின் மவுத்வாஷில் இன்றும் தைமால் இருக்கிறது, அளவு வெறும் 0.064 சதவீதம். தேன் கூட்டைத் தாக்கும் வரோவா உண்ணிக்கு எதிராகவும் தைமால் பயன்படுகிறது. இரண்டு இடத்திலும் மருந்து நேரடியாகப் போய்த் தொடுகிறது என்பதைக் கவனியுங்கள்.

குடித்தால் நுரையீரலுக்குப் போகாதா?

இங்கேதான் விளம்பரம் தடுமாறுகிறது. ஆய்வகத் தட்டில் கிருமி மீது எண்ணெயை நேராக விடுகிறார்கள். அங்கே கிருமி சாக, ஒரு லிட்டருக்குச் சில நூறு மில்லிகிராம் தைமால் தேவைப்படும். நம் உடம்புக்குள் போனதும், குடலும் கல்லீரலும் தைமாலின் அந்த ஹைட்ராக்சில் பகுதியில் சல்பேட் போன்றவற்றை ஒட்டவைத்து, சிறுநீரில் வெளியேற்ற ஏற்பாடு செய்துவிடும். கிருமியைத் தாக்குவதற்கு முக்கியமான பகுதியே அதுதான். அதனால் நெஞ்சுச் சளியில் இருக்கும் கிருமியைக் கொல்லும் அளவுக்கு அது போய்ச் சேராது. கஷாயம் குடித்தால் தொண்டைக்கு இதமாக இருக்கும், அது நிஜம். நிமோனியாவுக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த ஆன்டிபயாடிக்கை நிறுத்திவிட்டு இதை நம்புவது வேறு விஷயம்.

சரி, அளவைக் கூட்டிக் கொடுத்தால்? அதையும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் கொக்கிப்புழுவை ஒழிக்க 1909-ல் தொடங்கிய ராக்ஃபெல்லர் சுகாதார ஆணையம், தைமாலைத்தான் மருந்தாகக் கொடுத்தது. கூடவே பேதி உப்பு கொடுத்து வெளியேற்றினார்கள். மருந்து சாப்பிடும் நாளில் எண்ணெய், மது எதுவும் தொடக் கூடாது என்று கண்டிப்பு. காரணம், அவற்றில் தைமால் கரைந்து ரத்தத்தில் கலந்தால் விஷமாகிவிடும். குடலில் இருக்கும் புழுவைத் தொட வேண்டும், ரத்தத்துக்குள் போகக் கூடாது. இதற்காகவே அத்தனை கட்டுப்பாடு.

பாட்டில் ஏன் ஆபத்து?

100 கிலோ பச்சைக் கற்பூரவல்லி இலையைக் காய்ச்சி வடித்தாலும் ஒரு கிலோ எண்ணெய்கூட தேறாது. அதாவது இரண்டு இலை போட்ட கஷாயமும், ஒரு ஸ்பூன் எண்ணெயும் ஒரே மருந்து இல்லை. நீர்க்காத எண்ணெய் தோலில் பட்டால் எரியும், வாயில் பட்டால் புண்ணாகும்.

குழந்தைகள் விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. நீலகிரித் தைலம், கற்பூரம் கலந்த எண்ணெய் போன்றவற்றை ஒரு டீஸ்பூன், சில சமயம் அதைவிடக் குறைவாக விழுங்கினாலே சின்னக் குழந்தைக்கு வலிப்பும் மயக்கமும் வரலாம். சில நிமிடங்களிலேயே அறிகுறி தெரியத் தொடங்கும். இருமல் சிரப் என்று நினைத்து பாட்டிலை மாற்றி எடுத்துக் கொடுத்துவிடும் ஆபத்தும் உண்டு. இரண்டையும் ஒரே அலமாரியில் வைக்காதீர்கள். 2 வயதுக்குக் கீழ் உள்ள குழந்தையின் மூக்கிலோ மூக்கைச் சுற்றியோ இவற்றைத் தடவ வேண்டாம், மூச்சுத் திணறல் வரலாம்.

குழந்தை தெரியாமல் விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். எண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும். குழந்தை நன்றாகத்தான் விளையாடுகிறது என்று காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள், அல்லது உடனே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். அந்த பாட்டிலையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். உள்ளே என்ன எண்ணெய், எவ்வளவு குறைந்திருக்கிறது என்று டாக்டர் முதலில் அதைத்தான் பார்ப்பார்.